சோற்றைக் குறைத்தால் சர்க்கரை குறையுமா?

நம்மவர் நாலு பேர் கூடும் இடங்களில் இப்போது ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "மூன்று மாதமாகச் சோறே தொடுவதில்லை, எட்டுக் கிலோ இறங்கிவிட்டேன்" என்பார் ஒருவர். "அதெல்லாம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்" என்று பயமுறுத்துவார் மற்றொருவர். "அரிசியை விட்டுச் சிறுதானியத்துக்கு மாறிவிட்டோம், இனிக் கவலையில்லை" என்பார் இன்னொருவர். பேலியோ, கீட்டோ, லோ கார்ப் என்று பெயர்கள் பலவாக இருந்தாலும் விஷயம் ஒன்றுதான்: மாவுச்சத்தைக் குறைப்பது.

நான் மருத்துவன் அல்லன். உயிரியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். 2016 முதல் நீரிழிவோடு குடித்தனம் நடத்தி வருகிறவன். இந்த இரண்டு தகுதிகளோடு, படித்ததையும் என் மருத்துவரிடம் கேட்டறிந்ததையும் நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மில் பெரும்பாலோர் சோற்றைக் கைவிட வேண்டியதில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கோப்பைச் சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் பயறு, மீன், முட்டை, தயிர் ஆகியவற்றை வைத்தாலே நல்ல பலன் உண்டு. அதற்கும் மேலே குறைக்க விரும்புகிறவர் மாத்திரையோ ஊசியோ எடுப்பவராக இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட அதைச் செய்யக் கூடாது. இவ்விரண்டுக்கும் காரணம் என்ன என்பதே இக்கட்டுரை.

நால்வரில் ஒருவர்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் நடத்திய பெரிய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு என்று அது கணக்கிட்டது. வயது வந்தோரில் நாட்டின் சராசரி 11.4 சதவீதம். நாம் பிழைக்க வந்து வேரூன்றிய கேரளத்திலோ 25.5 சதவீதம்! அதாவது நால்வரில் ஒருவர். கோவா, புதுச்சேரி, கேரளம் ஆகிய மூன்றும்தான் அந்தப் பட்டியலின் உச்சியில் நின்றன.

மலையாளிகளின் தட்டும் நம் தட்டும் பெரிதும் வேறல்ல. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த என்னைப் போன்றவர்களுக்கு 1956 நவம்பர் 1 வரை இது ஒரே திருவிதாங்கூர். காலையில் புட்டோ இட்லியோ ஆப்பமோ, மதியம் சம்பாச் சோறு, மாலையில் தேநீருடன் பழம்பொரி, இரவில் தோசை அல்லது மறுபடியும் சோறு. நடுநடுவே மரச்சீனி, நேந்திரம்பழம், உப்பேரி. ஒவ்வொன்றும் நல்ல உணவுதான். எல்லாம் ஒரே நாளில் ஒரே வயிற்றுக்குள் போகும்போதுதான் கணக்கு இடிக்கிறது.

மரச்சீனியின் கதையையே பாருங்கள். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதன் சாகுபடியைப் பரப்ப ஊக்கமளித்தார். இரண்டாம் உலகப் போரின்போது பர்மா அரிசி வரவு நின்று போகவே, ஏழைகளின் வயிற்றைக் காப்பாற்றியது மரச்சீனிதான். 1963-ல் நம் நகரத்து ஸ்ரீகாரியத்தில் கிழங்குப் பயிர்களுக்கென மத்திய ஆராய்ச்சி நிலையமே அமைந்தது. பஞ்ச காலத்தில் உயிர் காத்த உணவு அது. வயலில் இறங்கி உழைத்தவனுக்கு அந்த மாவுச்சத்து அன்றன்றே எரிந்தது. மேசை முன்னால் எட்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு அது எரிவதற்கு வழியில்லை. பஞ்சம் போய்விட்டது, பஞ்ச காலத்துத் தட்டு மட்டும் போகவில்லை.

இன்சுலின் செய்யும் வேலை

மாவுச்சத்து எந்த உருவில் போனாலும், அது சோறோ சப்பாத்தியோ கிழங்கோ, குடலில் குளுக்கோஸாக உடைந்து இரத்தத்தில் சேர்கிறது. உடனே வயிற்றின் பின்புறமுள்ள கணையம் இன்சுலினைச் சுரக்கிறது.

இதை நம் சாலைக் கடைத்தெருவை வைத்து விளக்கலாம். லாரிகளில் மூட்டைகள் வந்து இறங்குகின்றன. தெருவில் மூட்டைகள் கிடந்தால் போக்குவரத்து நின்றுவிடும். சுமடு தூக்கும் தொழிலாளர்கள் வந்து அவற்றைக் கடைகளுக்குள்ளும் கிடங்குகளுக்குள்ளும் கொண்டு சேர்க்கிறார்கள். தெருதான் இரத்தம், மூட்டைதான் குளுக்கோஸ், கடைகள் நம் தசைகள், கிடங்குகள் ஈரலும் கொழுப்புத் திசுவும். சுமடு தூக்குகிறவரே இன்சுலின்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சரக்கு உள்ளே ஏற்றப்படும் நேரத்தில் கிடங்கிலிருந்து எதுவும் வெளியே போகாது. இன்சுலின் மிகுந்திருக்கும்போது உடம்பு கொழுப்பைச் சேமிக்கும். சேமித்த கொழுப்பை எளிதில் வெளியே விடாது. மூன்று வேளைச் சாப்பாடும் இடையிடையே தேநீரும் பலகாரமுமாக நாள் முழுவதும் சரக்கு வந்துகொண்டே இருந்தால், கிடங்கைத் திறக்க நேரமே கிடைப்பதில்லை.

நாளடைவில் கிடங்குகள் நிரம்பிவிடுகின்றன. கடைக்காரர்கள் கதவைப் பாதிதான் திறக்கிறார்கள். அதே மூட்டையை உள்ளே தள்ள இரண்டு மடங்கு ஆட்கள் தேவைப்படுகிறார்கள். இதுவே இன்சுலின் எதிர்ப்பு. கணையம் பல ஆண்டுகள் கூடுதலாக உழைத்து ஈடுகட்டுகிறது. அதுவரை இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை சரியாகவே தெரியும். கணையம் களைத்துப் போகும் நாளில்தான் நமக்குச் சேதி வருகிறது.

"நான் ஒல்லிதானே, எனக்கென்ன?" என்று கேட்பவர் உண்டு. 2004-ல் புனே மருத்துவர் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் சேர்ந்து லான்செட் இதழில் ஒரு படம் வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. குறியீடு இருவருக்கும் ஒன்றுதான்: 22.3. உடம்பிலுள்ள கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம்! இந்தியர்களின் உடல்வாகு இது. கை கால் மெலிந்திருக்கும். கொழுப்பு வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும். ஆகவே எடை பார்க்கும் இயந்திரத்தைவிட நமக்கு நல்ல வழிகாட்டி தையற்காரரின் நாடாதான். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் எச்சரிக்கை.

குறைத்தால் என்ன நடக்கிறது?

மாவுச்சத்தைக் குறைப்பது லாரிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது போல. சாப்பாட்டுக்குப் பின் இரத்தத்தில் சர்க்கரை குறைவாகவே ஏறுகிறது. கணையத்தின் வேலையும் குறைகிறது. இது நாள் கணக்கிலேயே குளுக்கோமீட்டரில் தெரியும்.

எடையும் முதல் வாரத்திலேயே ஓரிரண்டு கிலோ இறங்கும். இதைக் கண்டு துள்ளிக் குதிக்க வேண்டாம். ஈரலிலும் தசையிலும் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்து, தன்னுடைய எடையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். கிளைக்கோஜன் செலவாகும்போது அந்த நீரும் வெளியேறுகிறது. இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியேற்றுகிறது. ஆக, முதல் வார இறக்கத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான். கொழுப்பு கரைவது அதற்குப் பிறகு, மெல்ல.

உடல்நிலை எப்படி இருக்கும்? கடுமையாகக் குறைப்பவர்களுக்கு முதல் சில நாள் தலைவலி, சோர்வு, தலைசுற்றல், மலச்சிக்கல் வரலாம். நீரும் உப்பும் இழப்பதாலும் நார்ச்சத்து குறைவதாலும் இவை வருகின்றன. மோர், ரசம், கீரை, காய்கறி ஆகியவற்றைத் தாராளமாகச் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிறகு பலர் சொல்வது, மதிய உணவுக்குப் பிந்தைய உண்ட மயக்கம் விட்டுப்போகிறது, நாலு மணிக்கு வரும் பசி வருவதில்லை என்பது. புரதம் பசியைத் தணிக்கும் என்பதால் இதில் வியப்பில்லை.

நாளுக்கு 50 கிராமுக்கும் கீழே மாவுச்சத்தைக் குறைத்தால் ஈரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்ற எரிபொருளைத் தயாரிக்கத் தொடங்கும். மூளையும் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். கீட்டோ உணவு என்பது இதுதான். இதற்கும், இன்சுலின் இல்லாத நோயாளிக்கு வரும் கீட்டோஅசிடோசிஸ் என்ற ஆபத்துக்கும் வேறுபாடு உண்டு. ஆனால் சிலருக்கு முதலாவது இரண்டாவதாக மாறிவிடலாம். யாருக்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எடையும் ஆய்வுகளும்

மாவுச்சத்தைக் குறைத்து இளைப்பது புதிதல்ல. 1863-லேயே லண்டனைச் சேர்ந்த வில்லியம் பான்டிங் என்பவர், ரொட்டியும் சர்க்கரையும் உருளைக்கிழங்கும் விட்டுத் தாம் இளைத்த கதையைச் சிறு நூலாக வெளியிட்டார். அதே குடும்பப் பெயர் கொண்ட ஃபிரெடெரிக் பான்டிங்தான் 1921-ல் டொரன்டோவில் சார்லஸ் பெஸ்டுடன் சேர்ந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார். அதற்கு முன்பு, மாவுச்சத்தை ஏறக்குறைய நிறுத்திப் பட்டினி போடுவதைத் தவிர நீரிழிவுக் குழந்தைகளின் ஆயுளைச் சில மாதமாவது நீட்ட வேறு வழியே இருக்கவில்லை.

இன்சுலின் ஒன்றே எடைக்குக் காரணமா? இதைச் சோதிக்க அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 609 பேரை இரு பிரிவாக்கி ஓராண்டு கவனித்தனர். முடிவு 2018-ல் வெளியானது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரி 5.3 கிலோ இறங்கினர். மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ இறங்கினர். இந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதல்ல. யாருக்கு இன்சுலின் அதிகம் சுரக்கிறது என்பதை வைத்து யாருக்கு எந்த உணவு பொருந்தும் என்று சொல்லவும் முடியவில்லை. இரு பிரிவினருமே சர்க்கரை, மைதா முதலியவற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டியவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

நீரிழிவுக்காரர்களைப் பொறுத்தவரை நிலைமை சற்று வேறு. 23 ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரைப்படி, மாவுச்சத்தை நன்கு குறைத்தவர்களில் 57 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.5-க்குக் கீழ் வந்தது. மற்ற உணவு முறைகளில் 31 சதவீதம். ஆனால் ஓராண்டு ஆகும்போது இந்த மேன்மை பெரிதும் குறைந்துவிட்டது. உணவு தோற்றதா, மனிதர்களால் தொடர முடியவில்லையா என்றால், பின்னதே பெரும் காரணம் என்பது என் எண்ணம். ஓணத்துக்கும் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் நடுவே கீட்டோவில் நிற்பது எவருக்கும் கடினந்தான்.

ஆகவே ஆறு மாதம் கடுந்தவம் இருந்து ஏழாம் மாதம் பழைய தட்டுக்குத் திரும்புவதைவிட, ஆயுள் முழுதும் தாங்கக்கூடிய சிறு மாற்றமே மேல்.

எவ்வளவு குறைப்பது?

இங்கே நம் தமிழ்நாட்டுக் கதை ஒன்று வருகிறது. சென்னையில் நீரிழிவு மருத்துவத்துக்கு வித்திட்டவர் டாக்டர் எம். விசுவநாதன். 1954-ல் ராயபுரத்தில் நீரிழிவுக்கெனத் தனி மருத்துவமனை கண்டவர். அரிசியையே ஒதுக்கச் சொன்ன காலத்தில், "மாவுச்சத்து இருக்கட்டும், ஆனால் நார்ச்சத்தும் மிகுந்திருக்கட்டும்" என்ற கருத்தில் தென்னிந்தியருக்கேற்ற உணவு முறையைப் பரப்பினார். அவருடைய மகன் டாக்டர் வி. மோகன், பேத்தி டாக்டர் ஆர். எம். அஞ்சனா ஆகியோரின் குழுவே மேலே நான் சொன்ன நாடு தழுவிய ஆய்வை நடத்தியது. அவர்கள் 2022-ல் 18,090 பேரின் உணவை ஆராய்ந்து வெளியிட்ட பரிந்துரை இது: புதிதாக நீரிழிவு கண்டவர்கள் அதிலிருந்து மீள, மொத்தக் கலோரியில் மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதம், புரதம் 19 முதல் 20 சதவீதம், கொழுப்பு 21 முதல் 26 சதவீதம்.

தாத்தா சொன்னதும் பேத்தி சொல்வதும் முரணா? அப்படித் தோன்றவில்லை. தாத்தா சொன்ன நார்ச்சத்தை நாம் ஆலையில் தீட்டி எறிந்துவிட்டோம். மிஞ்சியது மாவு மட்டும்.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். அதே குழுவினர் 2025-ல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியர்கள் சராசரியாக 62 சதவீதக் கலோரியை மாவுச்சத்திலிருந்து பெறுகிறார்கள். நாளுக்கு 1800 கலோரி உண்பவர் என்று வைத்துக்கொண்டால் அது 279 கிராம். அதையே 50 சதவீதமாக்கினால் 225 கிராம். வேறுபாடு 54 கிராம். வேகவைத்த சோறு ஒரு கோப்பையில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து. ஆக, நாள் முழுவதிலும் ஒரு கோப்பைக்குச் சற்று மேல் சோறு! இதற்குத்தான் இவ்வளவு அச்சம்.

அதுவும் கடினம் என்றால் பாதியிலிருந்து தொடங்கலாம். மாவுச்சத்தில் 5 சதவீதக் கலோரியை மட்டும் எடுத்துப் பருப்பு, பால் வகைப் புரதமாக மாற்றினாலே நீரிழிவு வரும் வாய்ப்பு குறைகிறது என்று அதே 2025 ஆய்வின் கணக்கீடு காட்டுகிறது. நம் உதாரணத்தில் அது 22 கிராம்தான். அரைக் கோப்பைச் சோற்றை எடுத்துவிட்டு, அரைக் கோப்பை வெந்த பயறு, ஒரு கோப்பைத் தயிர், ஒரு முட்டை வைத்தால் ஏறத்தாழ அந்தப் புரதம் வந்துவிடும். பயறிலும் மாவுச்சத்து உண்டு. ஆனால் நார்ச்சத்தோடு சேர்ந்து மெல்ல இறங்குவது. அதற்கு ஈடாகச் சோற்றில் இன்னும் இரண்டு கரண்டி குறைத்துக்கொண்டால் கணக்கு நேராகும்.

அதே ஆய்வு சொன்ன மற்றொரு செய்தி நம் வீடுகளுக்கு மிக அவசியமானது. அரிசியை எடுத்துவிட்டு, அதே அளவு மாவுச்சத்துள்ள கோதுமை மாவோ சிறுதானிய மாவோ வைத்தால், நீரிழிவு வாய்ப்பு குறைவதாகத் தெரியவில்லை. "சர்க்கரை வந்துவிட்டது, இனி இரவில் நாலு சப்பாத்தி" என்ற பழக்கம் நம்மிடையே ஐம்பதாண்டுப் பழமை. ஒரு சப்பாத்தியில் சுமார் 20 கிராம் மாவுச்சத்து. நாலு சப்பாத்தி என்றால் 80 கிராம். ஏறக்குறைய இரண்டு கோப்பைச் சோறு. கேழ்வரகுக் கூழுக்கும் இதே கணக்குத்தான். தானியத்தின் பெயரைவிடத் தட்டில் அதன் அளவே முக்கியம்.

யார் தாமாகச் செய்யக் கூடாது?

என் அக்காள் கணவர் கரமனையில் இருக்கிறார். வயது 68. கிளிமிப்பிரைடு என்ற மாத்திரையை இரு வேளை எடுப்பவர். பெங்களூரில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன் சொன்னதைக் கேட்டு, ஒரு திங்கட்கிழமை முதல் இட்லி, சோறு எல்லாவற்றையும் நிறுத்தி முட்டையும் கீரையுமாகச் சாப்பிட ஆரம்பித்தார். மாத்திரையை மட்டும் வழக்கம்போலத் தொடர்ந்தார். மூன்றாம் நாள் காலை நடைப்பயிற்சியில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறி வழியிலேயே உட்கார்ந்துவிட்டார். கூட நடந்தவர்கள் தேநீர்க் கடையிலிருந்து சர்க்கரைத் தண்ணீர் வாங்கிப் புகட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சோதித்தபோதும் சர்க்கரை 58-தான் இருந்தது. அக்காள் அன்று என்னிடம் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "தம்பி, சர்க்கரை கூடினால் ஆபத்து என்று பத்து வருஷமாகப் பயந்தேன். குறைந்தாலும் போய்விடுவார் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே!"

நடந்தது இதுதான். அந்த மாத்திரை, உணவு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்யும். லாரி வரவில்லை, சுமடு தூக்குகிறவர்கள் மட்டும் வந்துவிட்டார்கள். தெருவில் இருந்ததையும் தூக்கி உள்ளே போட்டுவிட்டார்கள். மருத்துவர் மாத்திரையைக் குறைத்தார். அளவான சோற்றை மீண்டும் சேர்க்கச் சொன்னார். அத்தான் இப்போது நலம்.

ஆகவே கீழ்க்கண்டவர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்கலாம்:

1. இன்சுலின் ஊசி போடுபவர்கள். கிளிமிப்பிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள். இவர்களுக்குத் தாழ்சர்க்கரை வரும்.

2. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள். கடுமையான கீட்டோ உணவோடு இவை சேர்ந்தால், இரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலே கீட்டோஅசிடோசிஸ் வரக்கூடும். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு கண்டால் உடனே ஆஸ்பத்திரி.

3. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள். உப்பும் நீரும் குறைவதால் அழுத்தம் மிகவும் தாழலாம்.

4. சிறுநீரக நோயாளிகள். இவர்கள் புரதத்தின் அளவை மருத்துவரிடமே கேட்க வேண்டும்.

5. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், வளரும் பிள்ளைகள், முதல் வகை நீரிழிவு உள்ளோர்.

தாழ்சர்க்கரையின் அறிகுறிகளை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, படபடப்பு, குழப்பம். நினைவு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

நம் அடுக்களையில்

என் மருத்துவரின் ஆலோசனைப்படி 2021 முதல் எங்கள் வீட்டில் செய்து வரும் மாற்றங்களைச் சொல்கிறேன்.

தேநீரிலிருந்து தொடங்கினோம். நாளைக்கு நாலு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் 30 கிராமுக்கு மேல் வெறும் சர்க்கரை. அது முதலில் போயிற்று. பத்து நாளில் நாக்கு பழகிவிட்டது.

காலையில் நாலு இட்லி இரண்டாயிற்று. சாம்பாரில் பருப்பும் காயும் இரண்டு மடங்காயின. புட்டு என்றால் பாதிக் குற்றி, கடலைக்கறி ஒரு கிண்ணம். பழத்தைப் பிசைந்து சாப்பிடும் வழக்கம் நின்றது.

மதியம் தட்டில் பாதி துவரன், அவியல், கீரை. கால் பாகம் மீன் அல்லது பயறு. மீதிக் கால் பாகம் சோறு; அளந்து ஒரு கோப்பை. முதலில் காயும் மீனும், கடைசியில் சோறு என்று உண்டால் சர்க்கரை ஏறுவது குறையும் எனச் சிறு ஆய்வுகள் காட்டியுள்ளன; என் குளுக்கோமீட்டரும் அதையே சொல்கிறது. சாளையும் அயிலையும் விலை மலிந்த நாளில் நம் ஊரில் இதைவிட நல்ல புரதம் வேறில்லை. மரச்சீனி வேண்டும் என்று தோன்றும் நாளில், மீன்கறியோடு அதைச் சாப்பிட்டு அன்று சோற்றை விட்டுவிடுகிறேன்.

சைவக் குடும்பங்களுக்குச் சிறுபயறு, பெரும்பயறு, கொண்டைக்கடலை, தயிர், பனீர், சோயா இருக்கின்றன. மாலையில் பழம்பொரிக்குப் பதில் சுண்டல். நம் பாட்டிமார் நவராத்திரிக்கு ஒன்பது நாள் ஒன்பது சுண்டல் செய்தார்கள். அதை ஆண்டு முழுதும் செய்தால் என்ன?

ஒரு எச்சரிக்கை. சோற்றைக் குறைத்த இடத்தில் பொரித்த இறைச்சியும் தேங்காய் எண்ணெயும் வெண்ணெயும் தாராளமாகப் புகுந்துவிடக் கூடாது. தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி செறிந்த கொழுப்பு. அமெரிக்காவில் பதினையாயிரம் பேரை நெடுநாள் தொடர்ந்து கவனித்து 2018-ல் வெளியான ஆய்வில், மாவுச்சத்து 50 முதல் 55 சதவீதம் உண்டவர்களுக்கே ஆயுள் நீண்டிருந்தது. மிகக் கூட்டியவர்களுக்கும் மிகக் குறைத்தவர்களுக்கும் ஆயுள் குறைந்தது. குறைத்த இடத்தில் இறைச்சி வைத்தவர்களைவிடப் பயறும் கொட்டைகளும் வைத்தவர்களே நன்றாக இருந்தார்கள்.

எனக்கு என்ன பலன் என்று கேட்பீர்கள். ஆறு மாதத்தில் எச்பிஏ1சி 8.1-லிருந்து 6.8 ஆயிற்று. எடை 76-லிருந்து 71. மருத்துவர் ஒரு மாத்திரையை நிறுத்தினார். மதியத் தூக்கம் போய்விட்டது. என் ஒருவனின் கணக்கு எல்லோருக்கும் விதியாகிவிடாது. மாலையில் நடப்பதும் இதில் சேர்ந்திருக்கிறது. ஓணத்தன்று போளியைப் பாயசத்தில் குழைத்துத் தின்னும் திருவனந்தபுரத்து வழக்கத்தை நான் விட்டுவிடவில்லை. ஒரு போளி, மறுநாள் வழக்கமான தட்டு.

சேர்ந்து செய்தால்

நம் மாவட்டத்து நெய்யாற்றின்கரை வட்டத்தில், 2013 முதல் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனத்தின் பங்களிப்போடு கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம் நடந்தது. நீரிழிவு வரக்கூடிய 1,007 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கையேடு மட்டும் கொடுத்தார்கள். மற்றப் பிரிவினர் ஊரிலேயே பயிற்சி பெற்ற ஒருவரின் தலைமையில் குழுவாகக் கூடி உணவும் நடையும் பற்றிப் பேசினார்கள். இரண்டாண்டு முடிவில் கையேட்டுப் பிரிவில் 17.1 சதவீதம் பேருக்கும் குழுப் பிரிவில் 14.9 சதவீதம் பேருக்கும் நீரிழிவு வந்திருந்தது. புள்ளியியல்படி உறுதி சொல்ல முடியாத சிறு வேறுபாடுதான். ஆனால் குழுவில் இருந்தவர்கள் காய்கனி கூடுதலாக உண்டார்கள், மது குறைந்தது.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில் பலன் தெளிவாகவே தெரிந்தது. மூன்றாண்டில், ஒன்றும் செய்யாதவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது; உணவையும் நடையையும் திருத்தியவர்களில் 39.3 சதவீதம். வராமல் தடுக்க முடியும், ஆனால் எளிதல்ல என்பதே இரண்டும் தரும் பாடம்.

வீட்டில் ஒருவர் மட்டும் தனித் தட்டில் உண்பது நெடுநாள் நடக்காது. அப்பாவுக்கு ஒரு சமையல், பிள்ளைகளுக்கு ஒரு சமையல் என்று நம் பெண்களை இரட்டிப்பாக உழைக்க வைப்பதும் நியாயமல்ல. பயறும் கீரையும் மீனும் எல்லோருக்கும் பொது. வளரும் பிள்ளைகள் மட்டும் சோற்றை இன்னொரு கரண்டி போட்டுக்கொள்ளட்டும். நம் சங்க விழாக்களிலும் கேசரி ஒன்றுதான் சிற்றுண்டி என்றில்லாமல் ஒரு பாத்திரம் சுண்டலும் வைக்கலாம். முப்பது வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கொரு முறை சர்க்கரை பார்த்துக்கொள்ளட்டும், எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அதுவே திருந்துவதற்கு உரிய காலம்.

இன்று இரவு சமைக்கும் முன் அரிசி அளக்கும் உழக்கை ஒரு முறை பாருங்கள். அதில் கால் பங்கு குறைத்து, அந்த அளவுக்குப் பயறை ஊறப் போடுங்கள். மாத்திரை எடுப்பவர் வீட்டில் இருந்தால், அதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை. நலமே விளைக!